வீட்டுக் கணினிக்கு ஒரு வாசற்காவல்: ஃபயர்வாலைச் சரிபார்ப்பது எப்படி?

பட்டா நகல், வில்லங்கச் சான்று, மின்கட்டணம், சொத்து வரி என்று பெரும்பாலான சேவைகளை இப்போது கைபேசியிலேயே முடித்துவிடுகிறோம். ஆனாலும் சில வேலைகளுக்கு வீட்டுக் கணினியைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்குப் புகைப்படத்தின் அளவைக் குறைக்கணும், கல்வி உதவித்தொகைக்குச் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கணும், அப்பாவின் ஓய்வூதிய ஆவணங்களைப் பிரிண்ட் எடுக்கணும். வேலை முடிந்த பிறகு அந்தக் கோப்புகளை யாரும் அழிப்பதில்லை. உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை இப்போதே திறந்து பாருங்கள். வீட்டில் உள்ளவர்களின் ஆதார், பான், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் அங்கே கிடக்கும்.

கைபேசிக்கு விரல்ரேகைப் பூட்டு போட்டிருக்கிறோம். கணினியைப் பற்றிக் கேட்டால், "வீட்டுக்குள்ளதானே இருக்கு, யாரு வந்து எடுக்கப் போறாங்க?" என்பதுதான் பதில். கணினியில் இருப்பதை எடுக்க ஒருவர் வீட்டுக்குள் வரவேண்டிய அவசியமில்லை. அதே வைஃபையில் இணைந்திருக்கும் இன்னொரு கணினியிலிருந்தும் எடுக்கலாம், வேறு நாட்டிலிருந்தும் எடுக்கலாம். அதைத் தடுக்கும் முதல் காவல் ஃபயர்வால். நல்ல சேதி என்னவென்றால், அது உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது, தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். அது விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று பார்த்து, நாலைந்து இடங்களில் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் போதும்.

காவலாளி செய்யும் வேலை

ஒரு கட்டடத்தின் ஒரு பகுதியில் பிடித்த தீ அடுத்த பகுதிக்குத் தாவாமல் இருக்க எழுப்பும் தடுப்புச் சுவருக்கு ஆங்கிலத்தில் ஃபயர்வால் என்று பெயர். அந்தப் பெயரே கணினிக்கும் வந்துவிட்டது. தமிழில் தீயரண் என்றும் தீச்சுவர் என்றும் எழுதுகிறார்கள். கணினிக் கடையில் போய்த் தீயரண் என்று கேட்டால் விழிப்பார்கள் என்பதால், இந்தக் கட்டுரையில் ஃபயர்வால் என்றே வைத்துக்கொள்வோம்.

இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி உண்டு. அந்த முகவரிக்குள் 0 முதல் 65,535 வரை எண் போட்ட கதவுகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு போர்ட் என்று பெயர். நீங்கள் ஓர் அரசு இணையதளத்தைத் திறக்கும்போது, உங்கள் கணினி அந்தத் தளத்தின் 443ஆம் எண் கதவைத் தட்டுகிறது. விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள 445ஆம் எண் கதவைப் பயன்படுத்துகின்றன. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதிக்கு 3389.

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் போன் செய்து தண்ணீர் கேன் சொல்லியிருந்தால், கேன் கொண்டுவரும் பையனை அவர் உள்ளே விடுவார். யாரும் கூப்பிடாமல் தானாக வந்து, "நாலாவது மாடிக்குப் போகணும்" என்று ஒருவர் நின்றால் மறிப்பார். ஃபயர்வால் செய்வதும் இதுதான். நீங்கள் கேட்டு வரும் பதிலை உள்ளே விடும், கேட்காமல் வந்து கதவைத் தட்டுவதைத் தடுக்கும். உள்ளேயிருந்து வெளியே போகிறவர்களைச் சாதாரணமாக அது கேள்வி கேட்பதில்லை. இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒன்றும் செய்யாமலே மாட்டிக்கொண்டவர்கள்

"நான் கண்ட லிங்க்கை எல்லாம் தொடமாட்டேன், எனக்கு எதுக்கு இது?" என்று கேட்பவர்கள் 2003ஆம் ஆண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு நிரல் உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு யாரும் எந்த லிங்க்கையும் அழுத்தவில்லை, எந்த மெயிலையும் திறக்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி கணினியை இணையத்தில் இணைத்தாலே போதும், 135ஆம் எண் கதவு வழியாக அது உள்ளே வந்துவிட்டது. திரையில் 60 விநாடிக் கணக்கு ஓடி, கணினி தானாக அணைந்து அணைந்து எரிந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் சாஸர் என்ற இன்னொரு புழு, இதே பாணியில்.

இதில் வருத்தமான விஷயம், 2001இல் வெளிவந்த எக்ஸ்பியிலேயே ஒரு ஃபயர்வால் இருந்தது. ஆனால் அணைத்தே வைக்கப்பட்டிருந்தது, அதைத் தேடிப் போய் இயக்கியவர்கள் குறைவு. இந்த அனுபவத்துக்குப் பிறகுதான், 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 முதல் விண்டோஸ் ஃபயர்வால் தானாகவே இயங்கும்படி மாற்றப்பட்டது. அதனால்தான் இன்று நம் கணினிகளில் அது கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கிறது.

2017 மே 12 அன்று வான்னாகிரை தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரகம். 445ஆம் எண் கதவு வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அப்டேட் செய்யாமல், அந்தக் கதவையும் திறந்து வைத்திருந்த கணினிகள்தான் மாட்டின.

முதல் வேலை: ஓடுகிறதா என்று பாருங்கள்

விண்டோஸ் 10 அல்லது 11 இருக்கும் கணினியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான கணினிகளில் மெனு ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால், திரையில் தெரியும் பெயர்களை உச்சரிப்பு மாறாமல் தமிழ் எழுத்தில் தருகிறோம்.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஃபயர்வால் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். 'ஃபயர்வால் அண்ட் நெட்வொர்க் புரொடெக்ஷன்' என்று வருவதைத் திறங்கள். மூன்று வரிகள் தெரியும்: 'டொமைன் நெட்வொர்க்', 'பிரைவேட் நெட்வொர்க்', 'பப்ளிக் நெட்வொர்க்'. ஒவ்வொன்றின் கீழும் 'ஃபயர்வால் இஸ் ஆன்' என்று பச்சை அடையாளத்துடன் இருக்க வேண்டும். மூன்றுமே ஆனில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். எதிலாவது சிவப்பு அடையாளம் இருந்தால் அங்கேயே 'டர்ன் ஆன்' பட்டன் இருக்கும், அழுத்துங்கள். டொமைன் என்பது அலுவலக நெட்வொர்க்குக்கானது, வீட்டில் அதற்கு வேலையில்லை. இருந்தாலும் ஆனிலேயே இருக்கட்டும்.

சிலருக்கு இங்கே வேறு ஒரு ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் பெயர் தெரியும். கணினி வாங்கும்போதே ஒரு வருடச் சந்தாவுடன் போட்டுக் கொடுத்திருப்பார்கள், அது தன்னுடைய ஃபயர்வாலை வைத்திருக்கும். சந்தா உயிரோடு இருந்தால் பிரச்சினை இல்லை. முடிந்துபோய், புதுப்பிக்கச் சொல்லித் தினமும் ஒரு பெட்டி எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தால், ஒன்று பணம் கட்டுங்கள், இல்லையென்றால் அதை முழுதாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்து, விண்டோஸின் சொந்த ஃபயர்வால் ஆன் ஆகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். இரண்டு ஃபயர்வால்களை ஒரே நேரத்தில் ஓட்டுவதில் லாபம் இல்லை, ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

பிரைவேட்டா, பப்ளிக்கா?

அந்த மூன்று வரிகளில் ஒன்றின் பக்கத்தில் 'ஆக்டிவ்' என்று இருக்கும். இப்போது நீங்கள் இணைந்திருக்கும் வைஃபையைக் கணினி எந்த வகையாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை அது சொல்கிறது. பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான்.

பிரைவேட் என்றால், "இது என் வீடு, இங்கே இருக்கும் மற்ற சாதனங்கள் என்னைப் பார்க்கலாம், பேசலாம்" என்று அர்த்தம். வைஃபை பிரிண்டர், ஸ்மார்ட் டிவி, இன்னொரு கணினி ஆகியவற்றுடன் பகிர இது வசதி. பப்ளிக் என்றால், "அக்கம்பக்கம் யார் என்று தெரியாது, என்னைக் காட்டிக்கொடுக்காதே" என்று அர்த்தம். இணையம் இரண்டிலும் ஒரே மாதிரிதான் ஓடும், வேகம் குறையாது.

வீட்டு வைஃபை என்றாலே பிரைவேட் என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் வைஃபை கடவுச்சொல் யார் யாருக்குத் தெரியும் என்று ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். மாடியில் குடியிருப்பவர், விடுமுறைக்கு வந்த உறவினர் பிள்ளைகள், பக்கத்து வீட்டு நண்பர் என்று நம் ஊரில் கேட்டவருக்கெல்லாம் கொடுத்திருப்போம். ஒரே இணைப்பை இரண்டு மூன்று குடித்தனங்கள் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. அந்த நெட்வொர்க்கில் உங்கள் கணினி பிரைவேட் என்று இருந்து, எப்போதோ ஒரு ஃபோல்டரை 'எவ்ரிஒன்' என்று ஷேர் செய்திருந்து, கடவுச்சொல் கேட்கும் வசதியையும் அணைத்து வைத்திருந்தால், அதில் இருக்கும் ஆதார் நகலை மாடி வீட்டுக் கணினியிலிருந்து திறந்துவிடலாம். திறப்பவருக்குக் கெட்ட எண்ணம்கூட இருக்க வேண்டியதில்லை. அவருடைய கணினிக்கு ஒரு வைரஸ் வந்திருந்தால் போதும்.

எனவே பங்கு போட்ட வைஃபை, விடுதி, ரயில் நிலையம், நூலகம், கல்லூரி எல்லாவற்றுக்கும் பப்ளிக். உங்கள் குடும்பம் மட்டும் பயன்படுத்தும் வைஃபையில் பிரிண்டர் போன்றவை இருந்தால் மட்டும் பிரைவேட். பிரிண்டர் யூஎஸ்பி வயரில்தான் இணைந்திருக்கிறது என்றால் வீட்டிலும் பப்ளிக்கே போதும். மாற்றுவதற்கு: செட்டிங்ஸ், அதில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', வைஃபை, இணைந்திருக்கும் வைஃபையின் 'புராபர்ட்டிஸ்'. அங்கே 'நெட்வொர்க் புரொஃபைல்' என்ற இடத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

திடீரென்று எட்டிப்பார்க்கும் அந்தப் பெட்டி

புதிதாக ஒரு மென்பொருளையோ விளையாட்டையோ முதல்முறை திறக்கும்போது, திரையில் ஒரு பெட்டி வரும். ஃபயர்வால் இந்தச் செயலியின் சில வசதிகளைத் தடுத்திருக்கிறது, அனுமதிக்கட்டுமா என்று கேட்கும். நம்மில் பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. விளையாட்டு தொடங்கும் அவசரத்தில் 'அலவ்' பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடுகிறோம், அதோடு மறந்தும்விடுகிறோம். அந்த ஓர் அழுத்தத்தில் காவலாளியிடம் நிரந்தரமாக ஒரு பெயரைக் கொடுத்து, "இவர் எப்ப வந்தாலும் உள்ளே விடு" என்று சொல்லிவிட்டீர்கள்.

பெட்டி வந்தால் நிதானமாகப் பாருங்கள். செயலியின் பெயரும், அதை வெளியிட்ட நிறுவனத்தின் பெயரும் அதில் இருக்கும். இப்போது நீங்களே திறந்த செயலிதானா? வெளியிலிருந்து யாராவது இதனுடன் நேரடியாக இணைய வேண்டிய தேவை இருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்குப் பதில் "தெரியலையே" என்றால் 'கேன்சல்' கொடுங்கள். கேன்சல் கொடுத்தால் செயலி கெட்டுப்போய்விடுமோ என்று பயம் வேண்டாம். பெரும்பாலான செயலிகள் வெளியே போய்த் தகவல் எடுத்துவருபவை, அவற்றுக்குத் தடையில்லை. வெளியாட்கள் தானாக வந்து இணைவது மட்டும்தான் நின்றுபோகும். அலுவலகக் கணக்கு மென்பொருளை வீட்டில் இரண்டு கணினிகளில் சேர்த்து ஓட்டுவது, நண்பர்களோடு ஒரே வைஃபையில் விளையாடுவது போன்றவற்றுக்கு அனுமதி நிஜமாகவே தேவைப்படும். அப்போதும் பிரைவேட்டுக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

ஒரு சிறு சிக்கலையும் சொல்லிவிடுகிறோம். கேன்சல் கொடுத்ததை விண்டோஸ் ஒரு தடை விதியாக எழுதி வைத்துக்கொள்ளும். மறுபடி கேட்காது. பின்னால் அந்தச் செயலிக்கு அனுமதி தேவைப்பட்டால் நீங்கள்தான் பட்டியலுக்குப் போய் மாற்ற வேண்டும்.

அந்தப் பட்டியல் எங்கே? முதலில் திறந்த அதே பக்கத்தில் கீழே 'அலவ் ஆன் ஆப் த்ரூ ஃபயர்வால்' என்று இருக்கும். உள்ளே போய் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' அழுத்தினால் நீண்ட பட்டியலும், அதற்கு நேராக பிரைவேட், பப்ளிக் என்ற இரண்டு பத்திகளும் தெரியும். எப்போதோ நீக்கிவிட்ட விளையாட்டுகள், பையன் போட்டுப் பார்த்த ஏதோ ஒரு டவுன்லோடர், பெயரே புரியாத சில என்று வரிசையாக இருக்கும். நீங்கள் நிறுவிய செயலிகளில் இப்போது பயன்படுத்தாதவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்', 'ரிமோட் டெஸ்க்டாப்' ஆகியவற்றுக்கு பப்ளிக் பத்தியில் டிக் இருந்தால் கட்டாயம் எடுக்கணும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்கும் வசதியே கிடையாது, எனவே அந்த டிக்கால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. 'கோர் நெட்வொர்க்கிங்' என்று இருப்பதை மட்டும் தொடாதீர்கள். அது இணையம் ஓடுவதற்கே அடிப்படை.

எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் குழப்பிவிட்டால் கவலை வேண்டாம். அதே பக்கத்தில் 'ரீஸ்டோர் ஃபயர்வால்ஸ் டு டிஃபால்ட்' இருக்கிறது. அழுத்தினால் முதல்நாள் நிலைக்குத் திரும்பிவிடும். 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' என்ற இன்னொரு கதவும் அங்கே உண்டு. அதில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி விதி எழுதலாம். ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு அது தேவைப்படாது, எட்டிப்பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

"ஆஃப் பண்ணிட்டேன் சார், இப்ப பிரிண்ட் வரும்"

வீட்டுக் கணினிகளில் ஃபயர்வால் அணைந்து கிடப்பதற்கு வைரஸைவிட இந்த ஒரு வாக்கியம் பெரிய காரணம். பிரிண்டர் இணையவில்லை, இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளவில்லை என்று சர்வீஸ் செய்பவரைக் கூப்பிடுகிறோம். எந்த விதி தடுக்கிறது என்று தேட அவருக்கு நேரம் இருப்பதில்லை. ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கிறார், பிரிண்ட் வருகிறது, நாமும் பணம் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பூட்டு இறுகிவிட்டது என்று கதவையே கழற்றி வைத்த கதைதான்.

பிரிண்டருக்காக அணைக்க வேண்டியதே இல்லை. வைஃபை பிரைவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், பட்டியலில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்', 'நெட்வொர்க் டிஸ்கவரி' ஆகியவற்றுக்கு பிரைவேட் பத்தியில் டிக் போடுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் அணைப்பதில் தவறில்லை. ஆனால் சர்வீஸ் முடிந்து அவர் கிளம்பும் முன்பே, அவர் எதிரிலேயே அந்த மூன்று பச்சை அடையாளங்களைப் பார்த்துவிடுங்கள். கடைக்குக் கொடுத்து வாங்கினாலும் அப்படியே.

இதைவிட மோசமான இன்னொன்று உண்டு. விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை 'கிராக்' என்ற பெயரில் இலவசமாகத் தருகிறவர்கள், "முதலில் ஆன்டிவைரஸையும் ஃபயர்வாலையும் அணைக்கவும்" என்று வழிமுறை கொடுப்பார்கள். காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் உள்ளே வருவேன் என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன நினைப்போம்?

பிள்ளைகள் பயன்படுத்தும் கணினியில் அவர்களுக்குத் தனியாக 'ஸ்டாண்டர்டு யூசர்' கணக்கு ஒன்று உருவாக்கிக் கொடுப்பது நல்லது. அந்தக் கணக்கிலிருந்து ஃபயர்வாலை அணைக்கவோ அனுமதி கொடுக்கவோ முயன்றால், நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும்.

வைஃபை பெட்டியிலும் ஒரு காவல்

இணைய நிறுவனம் வீட்டில் மாட்டிவிட்டுப் போன ரவுட்டரிலும் ஒரு ஃபயர்வால் இருக்கிறது. வெளி உலகுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே நிற்பது அதுதான். கைபேசியிலிருந்தே இதைப் பார்க்கலாம். ரவுட்டரைத் திருப்பினால் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அதன் முகவரி இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. வீட்டு வைஃபையில் இருந்தபடி அதை பிரவுசரில் தட்டுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும், அதுவும் அந்தத் தாளில் இருக்கும்.

உள்ளே போனதும் முதல் வேலை அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவது. இது வைஃபை கடவுச்சொல் அல்ல, ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல். இரண்டும் வேறு. 'அட்மின்' என்றே பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும் ரவுட்டர்கள் இன்னும் ஏராளம். அடுத்து 'செக்யூரிட்டி' அல்லது 'ஃபயர்வால்' என்ற பக்கத்தில் ஃபயர்வால் ஆனில் இருக்கட்டும். ஐபிவி6 என்று தனியாக ஒரு ஃபயர்வால் இருந்தால் அதுவும். பழைய முறையில் ரவுட்டருக்குப் பின்னால் எத்தனை சாதனங்கள் இருந்தாலும் வெளியே ஒரே முகவரிதான் தெரியும். ஐபிவி6 முறையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி முகவரி கிடைத்துவிடுகிறது, அதனால் அங்கே காவல் இன்னும் முக்கியம். 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று, வெளியிலிருந்து ரவுட்டரைத் திறக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். விருந்தாளிகளுக்கும் குடித்தனக்காரருக்கும் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற தனி வைஃபை தர முடிந்தால் கொடுங்கள்.

வீட்டில் சிசிடிவி மாட்டியிருப்பவர்கள் 'போர்ட் ஃபார்வேர்டிங்' என்ற பக்கத்தையும் பாருங்கள். ஊருக்குப் போயிருக்கும்போது கைபேசியில் வீட்டு வாசலைப் பார்க்கணும் என்று கேட்டிருப்போம். மாட்டிக் கொடுத்தவர் அதற்காக ரவுட்டரில் ஒரு கதவை நிரந்தரமாகத் திறந்துவிட்டிருக்கலாம். கேமராவின் கடவுச்சொல்லும் கம்பெனியில் வைத்தபடியே இருந்தால், உங்கள் வீட்டு வரவேற்பறையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2016இல் மிராய் என்ற நிரல் இப்படிக் கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் டிவிஆர் பெட்டிகளையும் தேடிப் பிடித்துத் தன் படையாக்கிக்கொண்டு, பெரிய இணையதளங்களையே முடக்கியது. கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். அந்தக் கதவு தேவைதானா, நிறுவனத்தின் செயலி வழியாகவே பார்க்க முடியுமா என்று மாட்டிக் கொடுத்தவரிடம் கேட்டு, தேவையில்லை என்றால் மூடச் சொல்லுங்கள்.

காவலாளியால் முடியாதது

உள்ளேயிருந்து வெளியே போகிறவர்களை ஃபயர்வால் கேள்வி கேட்பதில்லை என்று முன்பே சொன்னோம். மோசடிக்காரர்கள் இப்போது நம்பியிருப்பது இதைத்தான். "மின்கட்டணம் செலுத்தவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்" என்று ஒரு குறுஞ்செய்தி வரும். அழைத்தால், சரிசெய்து தருகிறேன் என்று ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள். திரையைத் தொலைவிலிருந்து பார்க்கவும் இயக்கவும் உதவும் செயலி அது. அதைத் திறந்து, வரும் எண்ணை அவரிடம் நீங்களே படித்துக் காட்டுகிறீர்கள். ஃபயர்வாலின் கண்ணுக்கு அது வீட்டுக்காரரே கையைப் பிடித்து அழைத்துவரும் விருந்தாளி. அது தடுக்காது. அந்தச் செயலிகளும் சட்டபூர்வமானவைதான், அலுவலகங்களில் தினமும் பயன்படுகின்றன. முன்பின் தெரியாதவர் போனில் சொல்லி அதை நிறுவக் கூடாது, அவ்வளவுதான்.

அப்படி யாரையாவது உள்ளே விட்டுவிட்டோம் என்று தெரிந்தால், முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். ரவுட்டரின் சுவிட்சை அணைத்தாலும் சரி, கைபேசியில் ஏரோபிளேன் மோட் போட்டாலும் சரி. பணம் போயிருந்தால் வேறொரு கைபேசியிலிருந்து உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. கணினியில் ஏதாவது நிரல் தங்கிவிட்டதோ என்ற சந்தேகம் இருந்தால், மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் அதை நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பென் டிரைவில் வரும் வைரஸையும் ஃபயர்வால் பார்ப்பதில்லை. அது ஆன்டிவைரஸின் வேலை. இயங்குதளத்தில் இருக்கும் ஓட்டைகளை அடைப்பது அப்டேட்டின் வேலை. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அவற்றில் ஃபயர்வால் தொடர்ந்து ஓடும், ஆனால் ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதியாக இருந்துவிட முடியாது. உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பாருங்கள். ஏற்காத பழைய கணினியில் லினக்ஸ் போட்டுக்கொள்வது செலவில்லாத வழி.

லினக்ஸ் என்றதும் பயப்பட வேண்டாம், அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி பலவற்றில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸ் அந்தக் குடும்பம்தான். உபுண்டு போன்றவற்றில் ஃபயர்வால் இருக்கும், ஆனால் அணைந்த நிலையில் இருக்கும். 'ஜியுஎஃப்டபிள்யு' என்ற சிறு கருவியை நிறுவினால், ஒரே சுவிட்சில் இயக்கலாம். உள்ளே வருவது 'டினை', வெளியே போவது 'அலவ்' என்று இருக்கட்டும். ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்கள் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' பக்கத்தில் நெட்வொர்க் பகுதிக்குப் போனால் ஃபயர்வால் இருக்கும், ஆன் செய்யுங்கள்.

கைபேசிக்கும் வேண்டுமா?

இந்த இதழைக் கைபேசியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. பொதுவாக வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஒவ்வொரு செயலியும் தனித்தனி அறையில் அடைபட்டிருக்கும், கணினியைப் போல் கோப்புப் பகிர்வுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. ஃபயர்வால் என்ற பெயரில் ஆப் ஸ்டோரில் கிடைக்கும் செயலிகள் பெரும்பாலும் விபிஎன் அனுமதி கேட்கும். அதைக் கொடுத்தால் உங்கள் கைபேசியின் மொத்த இணையப் போக்குவரத்தும் அந்தச் செயலியின் கை வழியாகப் போகும். யார் உருவாக்கியது என்று தெரியாமல் அதை ஏற்ற வேண்டாம்.

கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைப்பவர்கள்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அப்போது உங்கள் கைபேசிதான் ரவுட்டர், ஆனால் வீட்டு ரவுட்டரைப் போல் அதில் நீங்கள் மாற்றி அமைக்க ஃபயர்வால் பக்கம் எதுவும் இருக்காது. ஹாட்ஸ்பாட்டுக்கு நீளமான கடவுச்சொல் வையுங்கள், 'ஓப்பன்' என்று விடாதீர்கள். பேருந்திலோ கல்லூரியிலோ நண்பர் கேட்டுக் கொடுத்திருந்தால், எத்தனை சாதனங்கள் இணைந்திருக்கின்றன என்பதை ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே பார்க்கலாம். மடிக்கணினியில் அந்த இணைப்பு பப்ளிக் என்றே இருக்கட்டும். வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்கள், பேட்டரியும் மிஞ்சும்.